புழுவும் புழுகும்

ரெஜினா அத்தை இறந்துவிட்டார் என்று நான் சொன்னபோது என் தோழிகள் மூவரும் சிரித்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. போன மாதம்தான் தலைமையாசிரியருக்கு மாற்றலாகிவிட்டது என்று வகுப்பையே நம்பவைத்து, பிரிவுபசாரக் கவிதை வரைக்கும் எழுதவைத்திருந்தேன்.

அது ஒரு வியாழக்கிழமை, விடுமுறை. கிருமாம்பாக்கத்தில் தோழி வீட்டில் படித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கைப்பேசி அடித்தது. மார்ட்டின் அத்தான், ரெஜினா அத்தையின் ஒரே மகன்.

"ஜெனி, அம்மா போயிட்டாங்கடி."

"எங்க, வில்லியனூருக்கா?" என்றேன்.

என் வாய் அப்படிப் பழகிவிட்டது. எந்தப் பந்து வந்தாலும் அடித்துவிடும். அத்தான், "காலையில தோட்டத்துல மயங்கி வுழுந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. வந்து சேரு" என்று சொல்லிவிட்டு வைத்தார். மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு கேள்விக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தோழிகளிடம் சொன்னேன். "நல்லா நடிக்கிறடி" என்றார்கள். நான் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் ஒருத்தி ஓடிவந்து என் பையைத் தந்தாள். கடலூர் சாலையில் பேருந்து ஓடிய நேரமெல்லாம், இது அத்தை என்னைப் பழிவாங்கப் போட்ட நாடகமாக இருக்கக்கூடாதா என்றுதான் நினைத்தேன். அவர் மட்டும் இதை விளையாட்டுக்குச் செய்திருந்தால், என் குறும்பு மொத்தத்தையும் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா அத்தை என் அப்பாவின் அக்கா. ஐம்பத்து நான்கு வயது. உறுவையாற்றில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்தார். அகத்தி மரங்கள் வரிசையாக நிற்கும், அவற்றின்மேல் கொடி ஏறும், நடுவில் தண்ணீர் ஓடும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே கோயில் மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். மார்ட்டின் அத்தானுக்கு இரண்டு வயதானபோது மாமா இறந்துபோனார். அதே வருடம் மழைக்காலத்தில் வாடல் நோய் வந்தது. வேர் அழுகும், கொடி ஒரே வாரத்தில் தொங்கிவிடும். சுற்றியிருந்த தோட்டமெல்லாம் விழுந்தது. அத்தையின் தோட்டம் மட்டும் நின்றது.

காரணம் மயில்துத்தம். மயில் கழுத்து நிறத்தில் இருக்கும் செம்பு உப்பு. அதைத் தனியாகக் கரைத்து, சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கினால் வானத்து நிறத்தில் ஒரு மருந்து வரும். அதைக் கொடிக்கு அடிப்பார், வேரடியிலும் ஊற்றுவார். பிரான்சில் திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் கண்டுபிடித்ததாம். போர்டோ கலவை என்று அவர்களுடைய ஊர்ப் பெயரே அதற்கும். அத்தை 'போர்தோ' என்பார், புதுச்சேரிக்காரர் ஆயிற்றே. எங்கள் பக்கத்தில் 'தோ' என்றால் 'இதோ'. வாளியோடு அவர் வருவதைக் கண்டால் நான் வரப்பில் நின்று "போர், தோ!" என்று கத்துவேன். அத்தை வாளியைக் கீழே வைக்காமலே கண்ணால் கல் தேடுவார்.

கலவை சரியா என்று பார்க்க அவரிடம் ஒரு பழைய இரும்புக் கத்தி இருந்தது. கலவைக்குள் சற்று நேரம் நிறுத்தி எடுப்பார். கத்தி சிவந்தால் செம்பு அடங்கவில்லை, இலை கருகிவிடும், இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். சிவக்காவிட்டால் ஊற்றலாம். "கத்தி பொய் சொல்லாதுடி, உன்ன மாதிரி" என்பார். அந்த மழைக்குப் பிறகு உறுவையாற்றில் யார் மருந்து கலக்கினாலும், "ரெஜினாக்கா வந்து கத்தி பாக்கட்டும்" என்று ஆள் அனுப்புவார்கள். அத்தையும் போவார். மாதம் ஒருமுறை ஊற்றுங்கள், நோய் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொன்னது அவர்தான். அவருடைய நகக்கண்கள் எப்போதும் நீலமாக இருக்கும். பெயரும் 'மயிலு அக்கா' என்றாகிவிட்டது. தோட்டத்தைப் பற்றி அவருக்கு ஒரே பெருமைதான்: "என் மண்ணுல ஒரு புழு பூச்சி பாத்துடு, காத அறுத்துக்குறேன்."

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. மார்ட்டின் அத்தான் என்னை எல்லோர் முன்னாலும் 'குட்டிச்சாத்தான்' என்று கூப்பிட்டிருந்தார். பதிலுக்கு அவருடைய கேழ்வரகு இடியாப்பத்தில் நாலு மண்புழுவைக் கலந்து வைப்பது என்று முடிவு செய்தேன். நிறமும் ஒத்துப்போகும், நீளமும் ஒத்துப்போகும். மழை விட்ட காலை. கொட்டாங்கச்சியோடு அத்தையின் தோட்டத்துக்குள் நுழைந்து தோண்டினேன். ஈரமான கறுப்பு மண். ஒரு புழு இல்லை. அடுத்த பாத்தி. இல்லை. அரைமணி நேரம் தோண்டியும் கொட்டாங்கச்சி காலி. வேலிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் கரையில் ஒரு கொத்து கொத்தினேன். ஆறு புழு.

"இன்னாடி நோண்டுற?" பின்னால் அத்தை.

மாட்டிக்கொண்டால் எதிராளியைத் தாக்குவது என் வழக்கம். "அத்த, உங்க தோட்டத்துல புழுவே குடியிருக்க மாட்டேங்குது. வாய்க்கா கரையில கூட்டுக் குடும்பமே நடத்துதுங்க. ஒங்க மண்ணு அவ்ளோ கொடுமக்கார மாமியாரா?"

அத்தை சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. என் கையிலிருந்த கொட்டாங்கச்சியைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், நான் தோண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வெட்டினார். ஒரு கட்டியை எடுத்து விரலால் உடைத்துப் பார்த்தார். மூலையில் வெட்டினார். நடுவில் வெட்டினார். முழங்காலிட்டு, மண்ணை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நான் வேலியோரமாக நின்றுகொண்டிருந்தேன். நான் விளையாட்டாக விட்ட ஒரு வார்த்தையை ஒருவர் அப்படி எடுத்துக்கொண்டு மண்ணில் முழங்காலிட்டதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மார்ட்டின் அத்தான் சுத்தமான இடியாப்பம்தான் சாப்பிட்டார்.

அந்த மாதமே மாமாவின் தம்பி லூயி மாமா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தார். அங்கே திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பக்கத்தில் வேலை. சாப்பிடும்போது அத்தை அவரிடம் கேட்டார்: "ஏம்பா லூயி, உங்க ஊரு தோட்டத்துல மண்புழு இருக்குதா?"

லூயி மாமா கையில் எடுத்த மீனை அப்படியே வைத்தார். "இன்னா அண்ணி இதையெல்லாம் கேக்குறீங்க? பழைய தோட்டத்துல அதான் பெரிய பேச்சு. தாத்தா காலத்துலேர்ந்து போர்தோ அடிச்சி அடிச்சி மண்ணெல்லாம் செம்பு ஏறிக் கெடக்குதாம். சில எடத்துல புது கொடி வெச்சா வேரே புடிக்க மாட்டேங்குதாம்."

"ஊத்துன மருந்து மழையில போயிடாதா?"

"செம்பு எங்க அண்ணி போவும்? அது உலோகமாச்சே."

நான் சும்மா இருக்க முடியாமல், "அப்போ நம்ம மண்ணு சொம்பு தூக்குற மண்ணு" என்றேன். அத்தை என்னைப் பார்த்தார். அன்றுதான் முதல்முறையாக, என் நகைச்சுவையை நானே திரும்ப எடுத்து வாய்க்குள் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டேன்.

மண் பரிசோதனைக்கு அவர் போனபோது நானும் போனேன். மூன்று வாரம் கழித்துத் தாளை வாங்கவும் போனோம். செம்பு என்ற வரிக்கு நேரே இருந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். அங்கிருந்த இளம் அதிகாரி பொறுமையானவர். வேருக்குக் கொஞ்சம் செம்பு தேவைதான், ஆனால் இங்கே பலமடங்கு சேர்ந்துவிட்டது, மண்ணில் வாழும் உயிர்களுக்கு அது ஆகாது என்று விளக்கினார்.

"எப்ப சார் போவும்?" என்று அத்தை கேட்டார்.

"போகாதும்மா. மக்காது, ஆவியாகாது. தொழு உரம், தழை நிறையப் போட்டா அதைப் பிடிச்சு வெச்சுக்கும், கொஞ்சம் அடங்கும். புதுசா சேர்க்காம இருக்கணும். அவ்வளவுதான்."

திரும்பும் பேருந்தில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து தன் நகங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். வில்லியனூர் தாண்டிய பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இத்தினி வருசமா கத்தியக் கேட்டேன் ஜெனி. மண்ணக் கேக்கல."

வேறு யாராக இருந்தாலும் அந்தத் தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்திருப்பார்கள். அத்தை செய்தது வேறு. நல்லவாடு கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவருபவரிடம் ஒரு பழைய தெர்மகோல் மீன் பெட்டி வாங்கினார். மூன்று நாள் கழுவிக் காயவைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், வெற்றிலை அடுக்கும் கொட்டகைக்கு ஊர்த் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டார். பெட்டியின் ஒரு பாதியில் தன் தோட்டத்து மண், மறுபாதியில் வாய்க்கால் கரை மண். நடுக்கோட்டில் பத்து மண்புழுவை வைக்கச் சொன்னார். வைத்தது நான்தான்; அந்தத் துறையில் ஊரிலேயே அனுபவம் எனக்குத்தான் அதிகம்.

"இன்னா மயிலு அக்கா, மாயாஜாலமா?" என்றார் ஏழுமலை அண்ணன். அடுத்த தோட்டத்துக்காரர்; குரல் எப்போதும் மைக் செட் வைத்த மாதிரி இருக்கும்.

"பூச முடிஞ்சி வந்து பாரு ஏழுமல. கோயிலுக்கு வராதவனுங்க இங்கியே ஒக்காந்து காவ காருங்க. இந்தக் குட்டி கைய வெக்காம பாத்துக்குங்க."

அன்றைக்கு ஏழுமலை அண்ணன் ஒன்றரை மணி நேரம் என்னையும் பெட்டியையும் மாறி மாறி முறைத்தபடி காவல் இருந்தார். அத்தை திரும்பி வந்து மூடியைத் திறந்தார். மண்ணைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். தன் மண்ணிலிருந்து ஒன்றுகூட எடுக்க முடியவில்லை. பத்தும் வாய்க்கால் மண்ணில் இருந்தன.

"ஓடிப்போச்சிங்க" என்றார் அத்தை. "மனுசனுக்கு நாக்கு இருக்குது, சொல்லிட்டுப் போவான். இதுங்க சொல்லாம போயிடுச்சிங்க. நமக்குத் தெரியல."

ஏழுமலை அண்ணன் எழுந்தார். "நீ சொல்லித்தானக்கா நாங்களும் மாசாமாசம் ஊத்தனோம்? என் அப்பன் வெச்ச தோட்டம்! இப்ப வந்து புழு காட்டுறியா?"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை, அப்போது யாருக்குத் தெரியும் என்று கேட்கவில்லை, பிரான்ஸ்காரன்மேல் பழி போடவில்லை. "நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன், ஊத்தாதீங்க. நோவு வந்தா வந்த கொடிக்கு மட்டும் பாருங்க." ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் சொல்லிப் பழகிய எனக்கு, பெரிய கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் இவ்வளவு சிறிய வாக்கியத்தோடு நிற்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. உடம்பு சிலிர்த்தது. இதை எழுதும்போதும்.

அதன்பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாத்தியை உயர்த்தினார், தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டினார், வாடிய கொடியைப் பிடுங்கி எரித்தார். வண்டி வண்டியாகத் தழையும் தொழு உரமும் போட்டார். அடுத்த மழையில் மூன்றில் ஒரு பங்கு கொடி போயிற்று. "மயிலு தோக உதிந்துபோச்சி" என்று ஏழுமலை அண்ணன் கடைத்தெருவில் சொன்னது அவர் காதுக்கும் வந்தது. "மயிலுக்கு தோக உதிர்ந்தா திரும்ப மொளைக்கும்டா, உனுக்கு மசுரு மொளைக்குமா கேளு" என்று பதில் அனுப்பினார். கொண்டுபோய்ச் சொன்னவள் நான். ஏழுமலை அண்ணனின் வழுக்கை என் கண் முன்னாலேயே சிவந்தது.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். நட்ட நடுவில், வாய்க்கால் கரைக்கு எட்டாத இடத்தில், ஒரு முழ ஆழத்துக்கு ஒரு குழி. மண்ணை ஒரு கோணிமேல் கொட்டி, கையால் கிளறி, புழு தேடுவார். இல்லை என்றால் மூடிவிட்டு வந்துவிடுவார். அந்த முதல் வருடம் முழுக்க இல்லை. இரண்டாம் வருடமும் இல்லை. "வருமா அத்த?" என்று கேட்டால், "வந்தா பாக்கலாம்" என்பார். வேறு பேச்சு கிடையாது. ஆனால் குழியை மூடும்போது அவருடைய தோள் கொஞ்சம் இறங்கும். அது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு முதல் ஞாயிறு, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே நழுவிப் போய், எங்கள் வீட்டு எருக்குழியிலிருந்து நாலு புழுவை எடுத்து, அவர் தோண்டப்போகும் இடத்தில் புதைத்துவைத்துவிட்டு, பாதிரியாரிடம் நன்மை அப்பம் வாங்க நேரத்துக்கு வரிசையில் வந்து நின்றுகொண்டேன். என் வாழ்நாளின் மிக அழகான குறும்பு அது.

அத்தை தோண்டினார். புழு வந்தது. அவர் முகம் ஒரு நொடி, ஒரே நொடி, விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. பிறகு நாலையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது செவப்பு. எருக்குழியில இருக்குற சாதி. மண்ணுல பொழைக்காது. நாலும் ஒரே எடத்துல போலீசு மாதிரி நிக்குது. தோ பாரு, மேல ஏறி ஓடப் பாக்குது. ஜெனி, இது புழு இல்லடி. புழுகு."

நான் கேட்டதிலேயே மிகச் சிறந்த சிலேடை அது; புளுகு எங்கள் வாயில் புழுகுதான். அதைச் சொன்னவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை.

"நீங்க சந்தோசப்படுவீங்கன்னு..."

"சந்தோசத்துக்கா தோண்டுறேன்? நான் பண்ணுன தப்பு, அது இன்னா சொல்லுதுன்னு கேக்கத்தான் தோண்டுறேன். அது பதில் சொல்லாம இருக்கறதும் பதிலுதான். நீ குறுக்க பூந்து கொரல மாத்திப் பேசாத."

"சத்தியமா இனிமே போட மாட்டேன் அத்த."

"உன் சத்தியம் பறிச்ச வெத்தல மாதிரி. ரெண்டு நாள்ல வாடிடும்" என்றார். ஆனால் என் தலையில் தட்டினார். நாலு புழுவையும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொன்னார். விட்டுவிட்டு வந்தேன். அந்தச் சத்தியம் வாடவில்லை என்பதை அவரே போன மாதக் குழி வரைக்கும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் குழி காலியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அடக்கம். பெட்டிக்குள் அவர் கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். அந்த நகங்களில் இப்போது நீலம் இல்லை. கறுப்பு மண் இருந்தது. கழுவித்தான் பார்த்தோம், போகவில்லை என்று என் அம்மா சொன்னார். அப்போது ஏழுமலை அண்ணன் வந்தார். ஒரு பிடி கொழுந்து வெற்றிலை கொண்டுவந்திருந்தார். பெட்டிக்குள் வைக்கலாமா என்று மார்ட்டின் அத்தானிடம் மெதுவாகக் கேட்டார். அவருக்கு மெதுவான குரலும் இருந்தது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. வைத்துவிட்டுக் குனிந்து, "அக்கா, இந்த மழைக்கு நான் ஊத்தல" என்றார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மாதத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்தது. வீட்டில் துக்கம் கேட்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். மண்வெட்டியையும் கோணியையும் எடுத்துக்கொண்டு நான் போனேன். நட்ட நடு. ஒரு முழ ஆழம். அவர் வழக்கப்படியே கட்டி கட்டியாக உடைத்துக் கிளறினேன்.

இருந்தது. ஒன்றே ஒன்று. மெலிந்தது, சாம்பலும் வெளிர்சிவப்புமாக ஒரு நிறம், எருக்குழிப் புழுபோல் அல்ல. கோணியோரம் அசையாமல் கிடந்தது. பிறகு நெளிந்தது.

மார்ட்டின் அத்தானை ஓடிப்போய் அழைத்துவந்தேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். சிவந்த கண்ணோடு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஜெனி, இன்னிக்காவது நெசத்த சொல்லு. நீ போட்டதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்ப விரும்பினார், முடியவில்லை. என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். முப்பதாம் நாள் பூசைக்காக இதை எழுதச் சொன்னவரும் அவர்தான். படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கும் அதே சந்தேகம் இருக்கும். ஒரு புழுவை வைத்து மண் தேறிவிட்டது என்று நானும் சொல்ல மாட்டேன். அடியில் செம்பு அப்படியே இருக்கிறது, என்றைக்கும் இருக்கும். அடுத்த மாதம் குழி காலியாகவும் இருக்கலாம். ஆனாலும் தோண்டுவேன்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எது புழு, எது புழுகு என்று சொல்லத் தெரிந்த ஒரே ஒருவரைத்தான் வெள்ளிக்கிழமை புதைத்திருந்தோம். அத்தை சொல்லிக்கொடுத்த அடையாளத்தை வைத்து நானே பார்த்தேன். குழியில் விட்டேன். அது மேலே ஏறி ஓடப் பார்க்கவில்லை. தலையை மண்ணில் குத்தி, அவசரமே இல்லாமல், கீழே போனது. உங்கள் மண்ணுக்குள் அத்தை, தன் வீட்டுக்குள் போவது மாதிரி.

நான் போடல அத்த. சத்தியமா நான் போடல.